கொக்குக்கு நாலு மூச்சு

பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, கரட்டூரில் மட்டுமல்ல, இந்த மாநிலத்திலேயே கோகிலவாணி ஒருத்தியாகத்தான் இருக்கும். மற்ற டிரைவிங் ஸ்கூல்களில் ஆசிரியர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கோகிலவாணியின் காரில் அந்தச் சீட் எப்போதும் காலி. பின்சீட்டில் அவள் வலது கைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி தரையிலிருந்து முளைத்து நிற்கும். அதை இழுத்தால் வண்டி நிற்கும். அவள் கத்தினால் ஓட்டுகிறவளின் மூச்சே நிற்கும். இரண்டையும் அவள் தாராளமாகச் செய்வாள்.

முன்சீட்டை விட்டதற்குக் காரணம் அவள் கோபம். மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அது அவளுக்கு மூக்கைத் தாண்டி அரையடி வெளியே நிற்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் யாருக்கும் பெரிதாக ஒரு நஷ்டமும் வந்ததில்லை, கொக்கு வரும்வரைக்கும்.

கொக்கு என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்தது 'அமைதிச் சாலை உணர்கம்பம்'. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒற்றைக்காலில், கழுத்தை வளைத்துக்கொண்டு வெள்ளையாக நிற்பதைப் பார்த்தால் அந்தப் பெயரா வாயில் வரும்? அதன் தலைக்குள் ஒரு ரேடார். பழைய ரேடார் வண்டியின் வேகத்தைப் பார்த்தது. இது வண்டிக்குள் இருப்பவர் நெஞ்சைப் பார்க்கும். விபத்துக்குக் காரணம் வேகமல்ல, ஓட்டுகிறவரின் பதற்றம்தான் என்று ஒரு நிபுணர் குழு கண்டுபிடித்துச் சொன்னதன் பலன் இது. கொக்கைத் தாண்டும்போது நெஞ்சு படபடத்தால் போதும். அந்த நொடியே காருக்குள் இருக்கும் 'அடக்கி'க்குத் தகவல் போய்விடும். அடுத்த கொக்கு வரும்வரை வண்டி முப்பதைத் தாண்டாது. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பதறினாலும் அதே கதைதான். பதற்றம் தொற்றுமாம். பின்சீட்டுவரை மட்டும் கொக்கின் பார்வை எட்டாது.

அப்படித்தான் கோகிலவாணி பின்சீட்டுக்குப் போனாள். அவள் முன்னால் உட்கார்ந்தவரைக்கும், ஸ்கூல் வண்டி ஒருநாளும் முப்பதைத் தாண்டவில்லை.

லைசென்ஸ் வாங்குவதும் மாறிப்போனது. முன்பெல்லாம் மைதானத்தில் எட்டுப் போட்டால் போதும். இப்போது எட்டுப் போட்டுவிட்டு, பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கொக்குகளைத் தாண்டி வர வேண்டும். மூன்றிலும் பச்சை காட்ட வேண்டும். எந்தக் கொக்கு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். மூன்று தடவை தோற்றவருக்கு ஐந்து வருஷம் தடை.

தமயந்தி இரண்டு தடவை தோற்றிருந்தாள்.

வேறொரு ஸ்கூலில் படித்துத் தோற்றுவிட்டு, ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் கோகிலவாணியின் வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தேங்காய்க் களத்தில் உரிக்கிற வேலை. உள்ளங்கை இரண்டும் மட்டைநார் பட்டுப் பட்டு மரக்கட்டையாகியிருந்தன.

"ஏன் அம்மணி, உனக்கு வண்டி ஓட்ட வராதா?" என்றாள் கோகிலவாணி.

"நல்லா ஓட்டுவனுங்க்கா. நான் எட்டுப் போட்டா எழுதி வச்சாப்ல இருக்கும். கொக்கைக் கண்டாத்தான் நெஞ்சு அடிச்சுக்குது."

"அது என்ன, உன்னைக் கொத்துதா?"

தமயந்தி குடையை மடக்கினாள். "என்ற பையனைக் கொத்துச்சுங்க."

போன ஆடியில் நடந்தது. தோட்டத்துப் பனையில் கதண்டு என்கிற விஷக் குளவி கூடு கட்டியிருந்தது. காற்றுக்கு மட்டை விழுந்து கூடு கலைந்து, கீழே விளையாடிக்கொண்டிருந்த பையனை மொய்த்துவிட்டது. ஏழு வயது. அவள் புருஷன் சென்னியப்பன் காரை எடுத்தான். இவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பெத்தவங்க நெஞ்சு படபடக்காம இருக்குமுங்களா? முதக் கொக்கு பாத்துச்சு. முப்பது. அடுத்தது பாத்துச்சு. அப்பவும் முப்பது. அவரு ஆக்ஸிலேட்டரை ஏறி மிதிக்கறாரு, வண்டி நகருது, ஓட மாட்டேங்குது. பழைய மொபட்டுல போன ஒருத்தர் ஜன்னல் பக்கமா வந்து, 'என்னாச்சுங்க, என்னாச்சுங்க'ன்னு கேட்டுக்கிட்டே கூட வந்தாரு. நான் பதில் சொல்லிக்கிட்டே போனேன். கால் மணி முந்தி வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு."

கோகிலவாணி உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டாள். படிக்க வந்தவளுக்கு அவள் நாற்காலி போட்டதை அந்தத் தெரு பார்த்ததில்லை.

"அவரு லைசென்ஸையும் புடுங்கிட்டாங்க. அன்னைக்கு எல்லாக் கொக்குலயும் செவப்பு விழுந்திருச்சாம். இன்னொரு புள்ள இருக்குதுங்க்கா, அஞ்சு வயசு. தோட்டத்துல இருந்து பஸ் ரோட்டுக்கே அவ்வளவு தூரம். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் யார் வாசல்ல போய் நிக்கறது?"

"நீ லைசென்ஸ் வாங்கினாலும், அப்பிடி ஒரு நாள் வந்தா நீயும் பதறத்தானே செய்வே?"

"பதறுவனுங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். பதறினாலும் ஓட்டறதுக்குச் சொல்லிக்குடுங்க."

கோகிலவாணி அதுவரை சட்டத்தை வாயால் மட்டும்தான் மீறியிருந்தாள். அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு சாதிக்கின் கடைக்குப் போனாள்.

அவன் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி வைக்கிறவன். வெளியே பாட்டுப்பெட்டி, உள்ளே தவளை. கொக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் ரேடாரை மோப்பம் பிடித்துக் கத்துகிற கருவி. அதற்கும் பெயர் ஜனங்கள் வைத்ததுதான். மாட்டினால் வண்டியும் போகும், ஸ்கூலும் போகும், ஆளும் உள்ளே போக வேண்டியிருக்கும். அவன் முன்பக்கச் சல்லடைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு காதைப் பொருத்தினான். ஒயரை என்ஜின் வழியாக உள்ளே இழுத்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்டியைத் திருகினான். வாய் மட்டும் ஓயவில்லை.

"கொக்கு அலையை வீசும்க்கா. அது நம்ம நெஞ்சுல பட்டுத் திரும்பும். மூச்சு விட்டா நெஞ்சுக்கூடு ஒரு நூல் அளவு ஏறி இறங்குமில்ல, அந்த ஒரு நூலை வச்சே அது நம்ம ஜாதகத்தை எழுதிரும். ஆனா அது நம்மளைப் பாக்கற நேரம் ரொம்பக் கம்மி. நாலு மூச்சுதான். அந்த அலை அரை கிலோமீட்டருக்கு முன்னாடியே கசிஞ்சு வரும். தவளை அதைக் கேட்டுக் கத்தும். கத்தினதும் நீங்க சாந்த சொரூபியாயிரோணும்."

"நான் ஆக மாட்டேன். என்கிட்ட படிக்கறவ ஆகோணும்."

"நீங்க ஆனா அலையே திரும்பி ஓடிருங்க்கா. குடிச்சிட்டு ஓட்டறவனைப் பாருங்க, அவன் நெஞ்சு தூங்கிக்கிட்டே இருக்கும். கொக்கு அவனுக்குச் சலாம் போட்டு அனுப்புது." திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, "இதுல ஒரு குறை மட்டும் இருக்குது" என்றான்.

"உங்கிட்ட வாங்கினதுல குறை இல்லாதது எது?"

"தவளை கேக்கறதுன்னா அதுவும் உள்ளுக்குள்ள ஒரு சின்ன அலையை முணுமுணுக்கோணும். அதோட கலந்து பாத்துத்தான் கொக்கு அலையைப் புடிக்கும். அந்த முணுமுணுப்பு கொஞ்சம் வெளிய கசியுது. அதனால ஒரு தவளை பக்கத்துல இன்னொரு தவளை வந்தா ரெண்டும் கத்தும். கொக்குன்னா ஒத்தைக் கத்தல், தவளைன்னா ரெட்டைக் கத்தல்."

"அப்ப ஊருக்குள்ள எவன் எவன் தவளை வச்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சு போகுமே!"

"உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். இப்ப டிப்பார்ட்மெண்ட்டுல 'பாம்பு'ன்னு ஒண்ணு இறக்கியிருக்காங்களாம். தவளையைப் புடிக்கற மிஷினு. அது பக்கத்துல வந்தாலும் ரெட்டைக் கத்தல்தான் வருமாம்."

"நீ பாத்தியா?"

"பாத்தவன் எல்லாம் உள்ள இருக்கறான்க்கா. யாரைக் கேக்கறது?"

அடுத்த வாரமெல்லாம் கோகிலவாணிக்கு ஊர் வேறு ஊராகத் தெரிந்தது. கோழித்தீவன லாரி பக்கத்தில் வந்து நின்றால் ரெட்டைக் கத்தல். பள்ளிக்கூட வேன் தாண்டினால் ரெட்டைக் கத்தல். கோயில் தர்மகர்த்தா, வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, உலகத்தில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஓட்டிப்போகிறார். அங்கேயும் ரெட்டைக் கத்தல். சிக்னலில் நின்றபடி அவள் பல பேரைப் பார்த்துச் சிரித்தாள். பல பேர் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

தமயந்திக்கு மட்டும் வித்தை படியவில்லை. நெஞ்சை அடக்க ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வழி என்பது கோகிலவாணியின் அனுபவம். பேங்க் மேனேஜர் வீட்டம்மா பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள். சித்ரகலா டீச்சர் மாமியாரைத் திட்டுவாள். திட்டத் திட்ட அவள் நாடி கைக்குழந்தை போலத் தூங்கும். தமயந்திக்கு வாய்ப்பாடும் பலிக்கவில்லை, கந்தன் துதியும் பலிக்கவில்லை. தவளை கத்தியதும் அவள் கண்ணில் அந்த மொபட்காரர் வந்துவிடுவார். வண்டி முப்பதில் விழும். பின்சீட்டிலிருந்து கோகிலவாணி கம்பியை இழுப்பாள், கத்துவாள், பிறகு தன்னையே நொந்துகொள்வாள்.

டெஸ்ட்டுக்குச் சில நாள் இருக்கும்போது அவளைத் தேடிக் களத்துக்குப் போனாள். தமயந்தி மலைபோல் குவிந்த தேங்காய்க்கு முன்னால் நின்று, தரையில் நட்ட கூர்க்கம்பியில் உரித்துக்கொண்டிருந்தாள். காயை எடுத்தாள். கம்பியின்மேல் வைத்தாள். உடம்பைச் சாய்த்துக் குத்தினாள். ஒரு திருப்புத் திருப்பி மட்டையை உரித்தாள். எடுக்கும்போது ஒரு மூச்சு, வைக்கும்போது ஒரு மூச்சு, குத்தும்போது ஒன்று, உரிக்கும்போது ஒன்று. பக்கத்தில் லோடு லாரி ஹாரன் அடித்தது, மேஸ்திரி யாரையோ வைதான். எதுவும் அவளைத் தொடவில்லை.

கோகிலவாணி போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி கோயில் யானை மாதிரி நடந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா எங்கிட்ட வாய்ப்பாடு படிச்சே? எடு, வை, குத்து, உரி. நாலே மூச்சு. அந்த நாலு மூச்சை மட்டும் கொக்குக்குக் குடு. மீதியெல்லாம் உன்னுது. அழு, கத்து, பதறு, எவன் கேக்கறது!"

அன்று சாயங்காலம் தாராபுரம் சாலையில் மூன்று கொக்குகளை அவள் பச்சையிலேயே தாண்டினாள். நான்காவதைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். கோகிலவாணி தடுக்கவில்லை. அது அவளுடைய மூச்சு.

டெஸ்ட் நாளில் வந்தவர் இன்பசேகரன். தமயந்தியை இரண்டு தடவையும் தோற்கடித்த அதே பிரேக் இன்ஸ்பெக்டர். அலுவலக முகப்பில் அவருடைய படம் மாட்டியிருந்தார்கள். எத்தனையோ வருஷம், எத்தனையோ கொக்கு, ஒருதடவைகூடச் சிவப்பு விழாத அதிகாரி என்று விருது கொடுத்த படம். குரலும் படத்துக்குப் பொருத்தமானது. ரயில் தாமதம் என்று அறிவிக்கிற குரல்.

சாதிக் தவளையின் வாயைக் கட்டியிருந்தான். கத்துவதற்குப் பதிலாகச் சீட்டுக்கு அடியில் துடிக்கும். ஒற்றைத் துடிப்பு கொக்கு, ரெட்டைத் துடிப்பு இன்னொரு தவளை. கோகிலவாணி பின்சீட்டில் செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலை டிரைவர் சீட்டுக்கு அடியில் நுழைத்து வைத்துக்கொண்டாள்.

இன்பசேகரன் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வண்டியை எடுங்கம்மா."

விரலில் துடித்தது. ரெட்டை. உடனே மறுபடி ரெட்டை. மறுபடியும்.

பாம்பு, என்று நினைத்தாள் கோகிலவாணி. பிடித்துவிட்டார்கள். இந்த மனிதன் பாம்பைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். இனி ஸ்கூல் போனது. ஸ்கூல் போனாலும் போகட்டும், இந்தப் பெண்ணுக்கு ஐந்து வருஷம்! கண்ணாடியில் தமயந்தியின் கண்கள் அவளைத் தேடின. அவளுக்கும் சீட்டுக்கு அடியில் துடிப்பது நிற்கவில்லை.

மைதானத்தைத் தாண்டி, ரைஸ்மில் தாண்டி, சாலை வளைந்தது. ரெட்டைத் துடிப்பு ஓயவே இல்லை. அதற்குள் ஒற்றை வந்தால்கூடத் தெரிய வழியில்லை. வளைவு முடியும் முன்பு, எதிரே ஒன்றுமே தெரியாத இடத்தில், இன்பசேகரன் கண்ணை மூடினார். இடதுகைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. உதடு அசைந்தது.

வளைவு திரும்பியதும் டீக்கடைக்குப் பக்கத்தில் கொக்கு நின்றது.

தமயந்தி அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் எடு, வை, குத்து, உரி என்று முணுமுணுத்தாள். டேஷ்போர்டில் பச்சை எரிந்தது. கொக்கு போனதும் இன்பசேகரன் கண்ணைத் திறந்து, ஒன்றும் நடக்காதது போலச் சாலையைப் பார்த்தார்.

கோகிலவாணிக்கு உச்சந்தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் கொக்கு இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? கொக்குக்கு முன்னால் உதட்டுக்குள் எண்ணிக்கொள்கிற இந்த வேலை யார் செய்கிற வேலை? அவளிடம் படித்த அத்தனை பெண்களும் செய்கிற வேலை! இவர் பையில் இருப்பது பாம்பில்லை. பக்கத்துத் தவளையைச் சட்டைபண்ணாமல் கொக்கை மட்டும் கேட்கிற, விலை கூடிய தவளை. இத்தனை வருஷமாகத் தவளையைப் பையில் வைத்துக்கொண்டு, பயந்தவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்திருக்கிறார், விருது வாங்கிய பெரிய மனிதர்.

கோபம் அவளுக்குக் காலிலிருந்து ஏறியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஸ்கூல் பிழைக்கும். ஆனால் அடுத்த கொக்கு எந்த முள்ளுக்குப் பின்னால் நிற்கிறதோ. இந்த ரெட்டைத் துடிப்பில் தமயந்திக்கு அது தெரியவே தெரியாது. அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"சார், உங்க பையில இருக்கறதை நிறுத்துங்க."

"என்னது?" என்றார் அவர், திரும்பாமல்.

"தவளை. எங்க சீட்டுக்கடியிலயும் ஒண்ணு இருக்குது. உங்களுது கசியறதுல எங்களுது ஓயாம துடிக்குது. எது கொக்கு, எது உங்களுதுன்னு இந்தப் புள்ளைக்குத் தெரியல. என்ற மேல கேஸ் போடறதுன்னா திரும்பி வந்து போடுங்க. இப்ப அதை நிறுத்துங்க."

தமயந்தி கியரை மாற்றினாள். இன்பசேகரன் மெதுவாகப் பேண்ட் பையில் கையை விட்டார். கோகிலவாணியின் விரலில் துடிப்பு நின்றது.

கொஞ்ச தூரத்தில் தெளிவாக ஒற்றைத் துடிப்பு வந்தது. தமயந்தி தோளைத் தளர்த்தினாள். எடு. வை. குத்து. உரி. கருவேலங்காட்டுக்குப் பின்னாலிருந்து கொக்கு எட்டிப் பார்த்தது.

டேஷ்போர்டில் சிவப்பு எரிந்தது. வண்டி யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி முப்பதில் விழுந்தது. திரையில் எழுத்து ஓடியது: ஓட்டுநர் அமைதி. இடது முன்சீட்டு பதற்றம்.

மூன்று பேரும் அதைப் படித்தார்கள்.

"ஓரமா நிறுத்துங்கம்மா," என்றார் இன்பசேகரன். அறிவிப்புக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. சட்டைக் கழுத்தில் வியர்வை.

"நிறுத்தாதே அம்மணி. டெஸ்ட் இன்னும் முடியல," என்றாள் கோகிலவாணி.

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "தினமும் இந்தக் கம்பத்தை எத்தனை தடவை தாண்டறேன் தெரியுமா? ஒருநாள் சிவப்பு விழுந்தா என் வேலை போயிடும். அந்தப் பயத்துல நெஞ்சு அடிச்சுக்கும். அடிச்சுக்குதேன்னு இன்னும் பயம் வரும். நான் என்ன பண்றது?"

"எங்களை ஃபெயில் பண்ணுனீங்க," என்றாள் தமயந்தி. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. கண் சாலையிலேயே இருந்தது. "இதே முப்பதுல வச்சுத்தானுங்க சார் என்ற பையன் செத்தான். இதே ரோடு. அப்பவும் லாரிக்காரங்க இப்பிடித்தான் ஹாரன் அடிச்சாங்க."

அவர் கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு, டேஷ்போர்டில் நின்ற முப்பதைப் பார்த்தார்.

சீட்டுக்கு அடியில் மறுபடி ஒற்றைத் துடிப்பு. மூன்றாவது. அவர் நெஞ்சு இப்படியே அடித்துக்கொண்டால் அதுவும் சிவப்புத்தான். தமயந்திக்கு அது எல்லோருக்கும் முன்னால் புரிந்தது.

"தேங்காய் உரிச்சிருக்கீங்களா சார்?"

"என்ன?"

"கண்ணை மூடிக்கங்க. விரலை எண்ணாதீங்க, அது ஆகாது. முன்னாடி தேங்காய் குமிஞ்சு கிடக்குது. நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்க. எடு."

"எடு," என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"மூச்சை விடுங்க. வை."

"வை."

"குத்து. பயப்படாதீங்க, கை தானா போகும். உரி."

"உரி," என்றார். மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொண்டே போக, கோகிலவாணி பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கொக்கு தலைக்குமேல் கடந்துபோனது. பச்சை. அடக்கி பிடியை விட்டது. தமயந்தி மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போட்டாள்.

மைதானத்துக்குள் திரும்பும் முன்பு அவர் சொன்னார்: "ரெண்டாவது கம்பத்துக்குக் கருவிக் கோளாறுன்னு சொல்லிடறேன். இந்தம்மா பாஸ். உங்க தவளையை நான் பார்க்கல. என்னோடதை நீங்க பார்க்கல."

நல்ல பேரம். கோகிலவாணிக்கே ஒரு நொடி ஆசை வந்தது. தமயந்தி வண்டியைக் கோட்டுக்குள் அளவாக நிறுத்தி, சாவியைத் திருப்பினாள்.

"வேண்டாமுங்க சார். கோளாறுன்னு சொன்னீங்கன்னா, அந்தக் கொக்கைக் கழட்டிட்டு நாளைக்குப் புதுக் கொக்கு நட்டுருவாங்க. கோளாறு ஒண்ணும் இல்ல. அது உங்க நெஞ்சு. உங்க நெஞ்சுன்னே சொல்லுங்க."

"சொன்னா என் வேலை போயிடும்மா."

"சொல்லாட்டி எனக்கு அந்த லைசென்ஸ் வேண்டாமுங்க. நான் களவாங்கினதாவே இருக்கும்."

ஐந்து வருஷம், அந்தச் சின்னப் பெண், தோட்டம், பஸ் ரோடு, எல்லாம் ஒரே நேரத்தில் கோகிலவாணியின் கண்முன் வந்தன. வாயைத் திறந்தாள். கண்ணாடியில் தமயந்தியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். இந்தப் பிடிவாதத்தைத் தடுக்கிற யோக்கியதை உலகத்தில் யாருக்காவது இருந்தாலும் அவளுக்கு இல்லை.

முடிவை எல்லோர் காதிலும் விழும்படி மைக்கில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதிவாவதும் அந்தக் குரல்தான். இன்பசேகரன் இறங்கி, மைக் இருந்த மேஜைவரைக்கும் நடந்தார். காத்திருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. அவர் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, கறுப்பு. தவளையைப் பார்த்திராதவர்கள் அங்கே யாரும் இல்லை போலிருந்தது. ஒருவரும் அது என்ன என்று கேட்கவில்லை.

"விண்ணப்பதாரர் தமயந்தி சென்னியப்பன்." கருவியை எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நகர்த்தினார். "மூணு கம்பம். மூணுலயும் ஓட்டுநர் அமைதி. இரண்டாவது கம்பத்துல பதறினது நான். ஆய்வாளர் இன்பசேகரன். நான் தினமும் பதறிக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தக் கருவியை வச்சுத்தான் தாண்டினேன். இந்தம்மா தேர்ச்சி."

விருதுப் படத்துக்குக் கீழே நின்ற குமாஸ்தா கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்தார்.

அப்போதுதான் கோகிலவாணி கவனித்தாள். அவள் கட்டைவிரல் இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. துடித்தது. ரெட்டை. இன்பசேகரனின் தவளை அணைந்து மேஜைமேல் கிடக்கிறது. பிறகு இது யார்? மறுபடி ரெட்டை. அதன்மேலேயே ஏறிக்கொண்டு, வேறொரு தாளத்தில் இன்னொரு ரெட்டை. வாட்ச்மேன் கூண்டுப் பக்கமிருந்தா? டிப்பார்ட்மெண்ட் ஜீப்பிலிருந்தா? அந்தக் குமாஸ்தாவின் சட்டைப் பையிலிருந்தா? எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அத்தனை முகமும் ஊர்ப் பிள்ளையார் மாதிரி அசைவில்லாமல், சாந்தமாக இருந்தது.

கோகிலவாணி சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் திருகாணியைக் கழற்றினாள். தவளையை ஒயரோடு வெளியே இழுத்து, சாதிக் கட்டியிருந்த வாயை அவிழ்த்துவிட்டாள். முன்பக்கம் எக்கி அதை டேஷ்போர்டின்மேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். தவளை அந்த மைதானமே கேட்கும்படி ரெட்டை ரெட்டையாகக் கத்த ஆரம்பித்தது. குமாஸ்தா டீயை வைத்துவிட்டுத் தன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

பிறகு இறங்கிச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, எத்தனையோ வருஷமாகத் தான் உட்காராமல் விட்டிருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

தமயந்தி சாவியில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தாள். "அக்கா, நீங்க இப்ப இருக்கற கோபத்துல முன்னாடி உக்காந்தா, வீடு போற வரைக்கும் முப்பதைத் தாண்டாதுங்களே."

"தாண்டாட்டிப் போகுது," என்றாள் கோகிலவாணி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே. "நடு ரோட்டுல ஓட்டு. பின்னாடி வர்றவனெல்லாம் முப்பதுல போனா எப்பிடி இருக்கும்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும்."